போனின் வண்ண விளக்கு: எப்படி எரிகிறது, நமக்கு வேண்டியபடி எப்படி எரிய வைப்பது? முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்குக் காது மந்தமாகத் தொடங்கியபோது ரிங்டோனை உச்சத்தில் வைத்துப் பார்த்தோம். அடுப்படியில் மிக்ஸி ஓடினால் அதுவும் பயன்படவில்லை. கடைசியில் கைகொடுத்தது, பழைய போனின் நெற்றியில் இருந்த கடுகளவு விளக்குதான். நீலம் மின்னினால் நான், பச்சை மின்னினால் அக்கா, வெள்ளை என்றால் யாரோ, சமையல் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம். போனைத் தொடாமல், கண்ணாடி போடாமல், அறையின் அந்தக் கோடியிலிருந்தே அம்மாவுக்கு ஆள் தெரிந்துவிடும்.

அந்த விளக்கைப் பலர் சார்ஜ் ஏறுவதைக் காட்டும் அடையாளமாக மட்டுமே நினைத்திருக்கிறார்கள். அதன் நிறத்தையும் துடிப்பையும் நாமே தீர்மானிக்கலாம் என்பது தெரிந்தால் பழைய போன் ஒன்றுக்குக்கூடப் புது வேலை கிடைக்கும். அது எப்படி வேலை செய்கிறது என்பதில் தொடங்கி, அமைப்பது, பழுது பார்ப்பது, விளக்கே இல்லாத புதுப் போனில் என்ன செய்வது என்பது வரை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: உங்கள் போனில் விளக்கு இருக்கிறதா?

அணைந்திருக்கும்போது இது கண்ணில் படாது. கண்ணாடிக்குப் பின்னால், கறுப்பு மைப்பூச்சில் விட்ட சின்னத் துளைக்குள் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் மேலே, காதில் வைக்கும் ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கும். 2013இல் கூகுளுக்காக எல்ஜி செய்த நெக்சஸ் 5இல் திரைக்குக் கீழே நடுவில் வட்டமாக இருந்தது. ஷியோமியின் சில ரெட்மி மாடல்களிலும் கீழ்ப்பக்கம்தான்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி இது. அறையை இருட்டாக்குங்கள். போனைச் சார்ஜரில் போட்டுத் திரையை அணையுங்கள். விளிம்பு முழுக்க ஒருமுறை பாருங்கள். ஆண்ட்ராய்டின் மூல வடிவத்தில் சார்ஜ் ஏறும்போது மஞ்சள், 90 சதவீதம் தாண்டியதும் பச்சை, பேட்டரி 15 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் சிவப்பு என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நிறத்தைத் தயாரிப்பாளர் மாற்றியிருக்கலாம், ஆனால் விளக்கு இருந்தால் இந்த மூன்று சமயங்களில் ஒன்றிலாவது அது தலைகாட்டும்.

இன்னொரு தடயமும் உண்டு. செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குள் ‘பிளிங்க் லைட்’ என்றோ ‘எல்.இ.டி. இண்டிகேட்டர்’ என்றோ ஒரு வரி இருந்தால் விளக்கு இருப்பதாக எடுத்துக்கொள்ளலாம். விளக்கு இல்லாத போனில் ஆண்ட்ராய்டு அந்த வரியைக் காட்டாது.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்பீக்கர் பக்கத்தில் பேசும்போது மங்கலாகச் சிவக்கும் புள்ளி ஒன்று தெரிந்தால், அது காதருகே போன் வந்ததை உணரும் சென்சாராக இருக்கலாம். அதை விளக்கு என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

இரண்டாம் படி: உள்ளே இருப்பது என்ன?

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி. உள்ளே, ஒன்றரை மில்லிமீட்டர் அளவுச் சதுரப் பெட்டிக்குள், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனித்தனி எல்.இ.டி. சில்லுகள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. மேலே பால் நிறத்தில் ஒரு மூடி அல்லது ஒளி கடத்தும் பிளாஸ்டிக் துண்டு. மூன்றின் வெளிச்சமும் அதில் கலந்து ஒரே நிறமாக வெளியே வருகிறது.

மூன்றும் ஒரே பொருளால் ஆனவை அல்ல. சிவப்பு, அலுமினியமும் காலியமும் இண்டியமும் பாஸ்பரசும் சேர்ந்த படிகம். பச்சையும் நீலமும் இண்டியம் காலியம் நைட்ரைடு. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலோனியக் 1962இல் செய்துகாட்டிவிட்டார். நல்ல பிரகாசமான நீலத்துக்கு 1990களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாத்தியமாக்கிய அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நீலம் இல்லாவிட்டால் வெள்ளை இல்லை, ஊதா இல்லை. சிவப்பு, பச்சை, இரண்டும் கலந்த மஞ்சள், அதோடு சரி. பழைய மின்சாதனங்களின் விளக்குகளெல்லாம் இந்த மூன்று நிறங்களையே சுற்றிச்சுற்றி வந்தது அதனால்தான்.

பொருள் வேறு என்பதால் தேவைப்படும் மின்னழுத்தமும் வேறு. சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட் போதும். பச்சைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். போன் பேட்டரியோ முழுச் சார்ஜில் 4.2 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், தீரத்தீர 3.5க்கும் கீழே இறங்கும். நேரடியாகப் பேட்டரியில் இணைத்தால், சார்ஜ் குறையும்போது நீலம் முதலில் மங்கும், வெள்ளை மெல்ல மஞ்சளாகும். அது நடக்காமல் பார்த்துக்கொள்ள இடையில் ஒரு டிரைவர் சிப் இருக்கிறது. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எல்பி5521 இந்த வேலைக்கென்றே செய்தது. மூன்று நிறங்களுக்கும் மூன்று வழிகள், தேவைப்பட்டால் மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் சுற்று, எல்லாம் ஒரே துண்டில். குவால்காம் பிராசஸர் உள்ள பல போன்களில் தனிச் சிப் கிடையாது. மின்சாரத்தைப் பங்கிடும் சிப்பிலேயே இந்த வேலையும் அடங்கிவிடும்.

டிரைவர் சிப்பின் முக்கியமான திறமை வேறொன்று. ‘அரை நொடி எரி, இரண்டு நொடி அணை, மறுபடி எரி’ என்ற கட்டளையை ஒருமுறை வாங்கிக்கொண்டால் அதைத் தானே திரும்பத்திரும்பச் செய்யும். பிராசஸர் தூங்கப் போய்விடலாம். இந்த வசதி இல்லாத போனில், ஒவ்வொரு மின்னலுக்கும் பிராசஸரே எழுந்து வந்து ஏற்றி அணைக்க வேண்டியிருக்கும். அங்கே பேட்டரியைத் தின்பது விளக்கைவிட அந்த விழிப்புத்தான்.

மூன்றாம் படி: நிறம் கலக்கும் கணக்கு

எல்.இ.டி.க்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைத்தால் வெளிச்சத்தோடு நிறமும் சற்றே நகர்ந்துவிடும். அதனால் மின்னோட்டத்தை மாற்றாமல் நேரத்தை மாற்றுகிறார்கள். சில்லை நொடிக்குச் சில நூறு தடவை ஏற்றி அணைக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் எரிகிறது என்பதே அதன் அளவு. இதற்குப் பி.டபிள்யூ.எம். என்று பெயர், துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் குறைப்பது. இவ்வளவு வேகத் துடிப்பைக் கண் பிரித்தறியாது, சீரான ஒளியாகவே பார்க்கும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். விளக்கு ஊதாவில் எரியும்போது இருட்டறையில் போனை வேகமாக இடமும் வலமும் வீசுங்கள். கையை விட்டு நழுவாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஒளி ஒரே கோடாக வராமல் சின்னச்சின்னத் துண்டுகளாகத் தெரியலாம். நொடிக்கு 250 துடிப்பு, கையின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால் துண்டுக்குத் துண்டு 8 மில்லிமீட்டர் இடைவெளி விழும். சில போன்களில் சிவப்பும் நீலமும் தனித்தனியாகப் பிரிந்துகூடத் தெரியும்.

ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 சேர்க்கைகள். இந்த எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கடுகளவு புள்ளியில், பத்தடி தூரத்தில், மனிதக் கண் உறுதியாகப் பிரித்தறிவது ஏழெட்டு நிறங்கள்தான்: சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், வெளிர்நீலம், ஊதா, வெள்ளை. ஆரஞ்சை வேண்டுமானால் எட்டாவதாகச் சேர்க்கலாம்.

ஆரஞ்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் தடுக்கி விழும் இடம் இது. ஆப்பில் ஆரஞ்சைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், திரையில் அழகான ஆரஞ்சு தெரிகிறது, விளக்கோ பச்சை கலந்த மஞ்சளாக எரிகிறது. விளக்கில் பழுது இல்லை. திரையின் எண்ணும் விளக்கின் எண்ணும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை, அவ்வளவுதான்.

நம் கண் வெளிச்சத்தை நேர்விகிதத்தில் அளப்பதில்லை. ஒரு எல்.இ.டி. பாதி நேரம் எரிந்தால் கிட்டத்தட்ட முக்கால் வெளிச்சமாகத் தோன்றும். பாதியாகத் தோன்ற வேண்டுமானால் ஐந்தில் ஒரு பங்கு நேரம் எரிந்தாலே போதும். திரைக்கான நிற எண்கள் கண்ணின் இந்தக் குணத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அமைந்தவை. விளக்கு அப்படியல்ல, சொன்ன எண்ணை நேராக நேரமாக மாற்றிவிடும். ஆரஞ்சுக்குத் திரை எண் சிவப்பு 255, பச்சை 165, நீலம் 0. திரையில் பச்சை 165 என்றால் உண்மையான ஒளி முழு அளவில் 38 சதவீதம். அதே 165ஐ விளக்குக்கு அனுப்பினால் 65 சதவீத நேரம் எரியும். பச்சை வேண்டியதைவிட ஒன்றே முக்கால் மடங்கு வந்துவிழுகிறது. போதாக்குறைக்கு நம் கண் பச்சைப் பக்கத்து ஒளியைத்தான் மிகக் கூர்மையாக உணரும். ஆரஞ்சு எப்படி நிலைக்கும்?

எனவே நிறத்தை எண்ணாகக் கொடுக்க வசதியுள்ள ஆப்பில் பச்சையை 165க்குப் பதில் 96 அல்லது அதற்கும் கீழே வையுங்கள். விளக்கைப் பார்த்துப் பார்த்துக் குறையுங்கள். இதே விதி இளஞ்சிவப்புக்கும் பொருந்தும். முதன்மை நிறத்தை 255இல் நிறுத்தி, கலப்பு நிறங்களைத் திரையில் தெரிவதைவிட நன்றாகக் குறைத்தால் நிறம் அழுத்தமாக வரும்.

எவ்வளவு முயன்றாலும் வராத நிறங்களும் உண்டு. பழுப்பு என்பது பக்கத்தில் பிரகாசமான வேறொன்று இருக்கும்போது கண்ணுக்குத் தோன்றும் மங்கிய ஆரஞ்சு. இருட்டில் தனியாக எரியும் புள்ளியில் பழுப்பு கிடையாது, ஆரஞ்சாகவே தெரியும். சாம்பல் மங்கிய வெள்ளையாகிவிடும். கறுப்பு என்றால் அணைந்த விளக்கு, வேறில்லை.

நான்காம் படி: ஒரு செய்தி வெளிச்சமாக மாறும் பாதை

பழுது பார்க்க இந்தப் பகுதி கட்டாயம் தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஆப் நேராக விளக்கைத் தொட முடியாது. ஆண்ட்ராய்டிடம் ஒரு நோட்டிஃபிகேஷனைக் கொடுத்து, ‘இதற்கு விளக்கு வேண்டும், இந்த நிறத்தில்’ என்று விண்ணப்பம் மட்டும் போடும். 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8க்கு முன்பு ஒவ்வொரு நோட்டிஃபிகேஷனும் தன் நிறத்தையும் எரியும் நேரத்தையும் அணையும் நேரத்தையும் தானே சுமந்து வந்தது. ஆண்ட்ராய்டு 8இலிருந்து ‘சேனல்’ முறை வந்தது. ஆப் தன் நோட்டிஃபிகேஷன்களை வகை பிரித்து ஒவ்வொரு வகைக்கும் ஒரு சேனல் திறக்கும். நிறம் அந்தச் சேனலோடு ஒட்டிக்கொள்ளும். சேனல் திறந்தபின் அந்த ஆப்பே நினைத்தாலும் அதன் விளக்கு அமைப்பை மாற்ற முடியாது. செட்டிங்ஸில் உங்களுக்குக் கிடைப்பதும் மின்னட்டுமா வேண்டாமா என்ற பொத்தான் மட்டும்தான். நிறத்தை மாற்றித் தர வேண்டுமானால் ஆப் புதுச் சேனல் ஒன்றைத் திறந்தாக வேண்டும்.

விண்ணப்பம் கிடைத்ததும் ஆண்ட்ராய்டு சில கேள்விகள் கேட்கும். திரை எரிகிறதா? எரிந்தால் விளக்குக்கு வேலையில்லை. அழைப்பில் இருக்கிறீர்களா? அப்போதும் இல்லை. தொந்தரவு செய்யாதே நிலை விளக்கைத் தடுத்திருக்கிறதா? அந்தச் சேனல் ‘சைலண்ட்’ வகையா? முக்கியத்துவம் குறைந்த சேனலுக்கு விளக்கு எரியாது. எல்லாவற்றையும் கடந்த பிறகுதான் கட்டளை கீழே போகும். துடிப்பு நேரத்தை யாரும் குறிப்பாகச் சொல்லாவிட்டால் ஆண்ட்ராய்டின் இயல்பு அரை நொடி எரிதல், இரண்டு நொடி அணைதல்.

பல செய்திகள் வரிசையாக வந்தால்? ஆண்ட்ராய்டு நிறங்களை மாற்றி மாற்றிக் காட்டாது. கடைசியாக வந்ததன் நிறம் மட்டும் எரியும். அதை நீக்கினால் அதற்கு முந்தையதன் முறை வரும்.

அடுத்து தயாரிப்பாளர் எழுதிய அடுக்கு. ஆண்ட்ராய்டின் கணக்கில் பேட்டரிக்கு ஒரு விளக்கு, நோட்டிஃபிகேஷனுக்கு ஒரு விளக்கு. போனில் இருப்பதோ ஒன்றே ஒன்று. இரண்டும் ஒரே சமயம் கேட்டால் யாருக்கு முன்னுரிமை என்பதை இந்த அடுக்கு தீர்மானிக்கும். சில போன்களில் சார்ஜில் இருக்கும்போது வாட்ஸ்அப் நிறம் வராமல் போவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது.

அதற்கும் கீழே, ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமாக இருந்து வன்பொருளோடு நேரடியாகப் பேசும் லினக்ஸ் கெர்னல். நெடுங்காலம் லினக்ஸுக்கு இது ஒரு பல வண்ண விளக்காகத் தெரியவில்லை. சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று, நீலம் ஒன்று என மூன்று தனி விளக்குகளாகவே தெரிந்தது. 2020இல் வந்த 5.9 பதிப்பில்தான் பல வண்ண எல்.இ.டி.களுக்கென்று பொது வகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். நிறங்களின் விகிதத்தை ஒரு இடத்தில் எழுதி வைத்துவிட்டு, மொத்த வெளிச்சத்தை ஒரே எண்ணால் ஏற்றி இறக்கலாம். நிறம் மாறாமல் மெல்ல மங்கி மெல்ல ஒளிரும் ‘மூச்சு விடும்’ விளைவுக்கு இது மிகவும் பொருத்தம்.

ஐந்தாம் படி: அமைப்பது எப்படி?

போனைத் தொடும் முன் ஒரு தாள் எடுங்கள். எந்த நிறம் யாருக்கு என்று முதலில் எழுதுங்கள். என் அனுபவத்தில் மூன்று நிறங்களுக்கு மேல் போனால் மனத்தில் நிற்பதில்லை. நான்காவது நிறம் வந்ததும் அம்மா ‘ஊதா யாரு?’ என்று கேட்கத் தொடங்கினார். கேட்க வேண்டி வந்துவிட்டால் விளக்கினால் பயனில்லை. ஆப்புக்கு ஒரு நிறம் வைப்பதைவிட ஆளுக்கு ஒரு நிறம் வைப்பது நல்லது. செய்தி எந்த ஆப் வழியாக வந்தது என்பதா முக்கியம்? யாரிடமிருந்து என்பதுதானே தெரிய வேண்டும்.

வீட்டில் யாருக்காவது சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் சிக்கல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்களிடம் இது அரிதல்ல, பலர் சொல்லிக்கொள்வதும் இல்லை. அவர்களுக்கு நீலம், மஞ்சள் இரண்டும் பாதுகாப்பானவை. சிவப்பை எப்படியும் பேட்டரிக்கு விட்டுவிடுங்கள். சார்ஜ் தீர்கிறது என்ற எச்சரிக்கையோடு மனிதர்களைக் கலக்க வேண்டாம்.

இனி போன். முதலில் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் பிளிங்க் லைட்டை இயக்குங்கள். பிறகு அதே இடத்தில் ஆப் பட்டியலைத் திறந்து, வேண்டாத ஆப்களின் சேனல்களில் விளக்கை நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் விட்டால் ஷாப்பிங் ஆப் விளம்பரங்களுக்கெல்லாம் விளக்கு மின்னும். இரண்டே நாளில் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் இந்த முழு வழிகாட்டியில் மிகுந்த பலன் தருவது இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்து வாட்ஸ்அப். அதன் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ், அதற்குள் ‘லைட்’. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், பச்சை, வெளிர்நீலம், நீலம், ஊதா, ஒன்றும் வேண்டாம் என்று தேர்வுகள் வரும். பொதுவுக்கு வெள்ளையை வையுங்கள். பிறகு வேண்டியவரின் உரையாடலைத் திறந்து, மேலே பெயரைத் தட்டி, அவருக்கென்று தனி நோட்டிஃபிகேஷன் அமைப்புக்குப் போய் அவருடைய நிறத்தைக் கொடுங்கள். குழுக்களுக்கு ‘ஒன்றும் வேண்டாம்’. டெலிகிராமிலும் எல்.இ.டி. நிறத் தேர்வு உண்டு.

கடைசியாகச் சோதனை. திரையை அணைத்துவிட்டு வேறொரு போனிலிருந்து செய்தி அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொருவராக. செய்தி வந்த பின் திரை சில நொடி தானாக எரிந்து அணையும் போன்களில், அது அணையும் வரை பொறுங்கள்.

நிறம் மாற்ற வசதி தராத ஆப்களுக்கு லைட் ஃப்ளோ போன்ற தனி ஆப்கள் ஒருகாலத்தில் பெயர் பெற்றிருந்தன. மற்ற ஆப்களின் நோட்டிஃபிகேஷன்களைக் கவனித்து, நீங்கள் சொன்ன நிறத்தில் தானே விளக்கை எரிய விடும். ஆண்ட்ராய்டு மாற்றிக்காட்டாத பல நிறங்களைச் சுழற்சியாகவும் காட்டும். இப்படிப்பட்ட எந்த ஆப்பை நிறுவினாலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: நோட்டிஃபிகேஷனைப் படிக்க அனுமதி கொடுத்தால் வங்கி அனுப்பும் ஓடிபியையும் அது படிக்க முடியும். யார் செய்தது, கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்று பாருங்கள். இணைய இணைப்பு அனுமதியும் சேர்த்துக் கேட்டால் நான் நிறுவ மாட்டேன்.

ஆறாம் படி: எரியவில்லையா?

சார்ஜில் போட்டால் எரிகிறது, செய்திக்கு எரியவில்லை என்றால் வன்பொருள் நன்றாக இருக்கிறது, கோளாறு அமைப்பில். தொந்தரவு செய்யாதே நிலையைப் பாருங்கள். குறிப்பிட்ட நேரத்தில் தானாக இயங்கும்படி யாராவது வைத்திருப்பார்கள். அடுத்து அந்த ஆப்பின் சேனல் ‘சைலண்ட்’டில் இருக்கிறதா பாருங்கள். அதன் பிறகு பேட்டரி சேமிப்பு அமைப்பு. சில தயாரிப்பாளர்கள் பின்னணி ஆப்களை மிகக் கடுமையாக முடக்குகிறார்கள். திரையை ஏற்றியதும் செய்திகள் கொத்தாக வந்து விழுந்தால் குற்றவாளி இதுதான். அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டைத் தளர்த்துங்கள்.

நிறத்தை மாற்றியும் பழைய நிறமே எரிந்தால் அது சேனல் சிக்கல். ஆப்பை நீக்கி மறுபடி நிறுவினால் சேனல்கள் புதிதாகத் திறக்கும். வாட்ஸ்அப் என்றால் நீக்கும் முன் பேக்கப் எடுக்க மறக்காதீர்கள்.

ஒரு நிறம் மட்டும் வரவேயில்லை, வெள்ளை மஞ்சளாகவோ ஊதாவாகவோ தெரிகிறது என்றால் மூன்று சில்லுகளில் ஒன்று போயிருக்கலாம். மஞ்சளாக இருந்தால் நீலம் போயிற்று, ஊதாவாக இருந்தால் பச்சை, வெளிர்நீலமாக இருந்தால் சிவப்பு. இதற்காகப் போனைப் பிரிக்க நான் பரிந்துரைக்க மாட்டேன். மீதி இரண்டு சில்லுகளை வைத்தே இரண்டு தனி நிறமும் ஒரு கலப்பு நிறமும் கிடைக்குமே! மேலே ஒட்டிய டெம்பர்டு கிளாஸின் கறுப்பு விளிம்பு துளையை மறைத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். வேறு மாடலுக்கு வெட்டிய கிளாஸை ஒட்டினால் இப்படி நேரும்.

பேட்டரி தீர்ந்துவிடுமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிறத்துக்கு 5 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டால் வெள்ளைக்கு 15. அரை நொடி எரிந்து இரண்டு நொடி அணைந்தால் ஐந்தில் ஒரு பங்கு நேரம், சராசரி 3 மில்லியாம்பியர். இரவு முழுக்க 8 மணி நேரம் மின்னினால் 24 மில்லியாம்பியர்-மணி. 4,000 உள்ள பேட்டரியில் அது 0.6 சதவீதம். நீலம் மட்டும் என்றால் 0.2. பயப்பட ஒன்றுமில்லை.

ஏழாம் படி: புதுப் போனில் விளக்கே இல்லையே!

2010 ஜனவரியில் வந்த நெக்சஸ் ஒன்னில் உருட்டும் டிராக்பாலே பல நிறங்களில் ஒளிர்ந்தது. பிளாக்பெர்ரியின் சிவப்புப் புள்ளி உலகம் முழுக்க அலுவலகக்காரர்களை ஓட வைத்தது. சாம்சங் 2012இல் கேலக்ஸி எஸ் 3இல் பல வண்ண விளக்கைக் கொடுத்தது. 2018இல் நோட் 9 வரை வந்தது, 2019இல் எஸ் 10 வந்தபோது இல்லை. ஒன்பிளஸ் 6இல் இருந்தது, அதே ஆண்டு வந்த 6டியில் காணோம். திரை விளிம்பு வரை விரிந்ததும் விளக்குக்கான இடம் போயிற்று. அமோலெட் திரை வந்ததும், திரையின் ஒரு மூலையை மட்டும் ஒளிரச் செய்யலாமே, தனி விளக்கு எதற்கு என்ற எண்ணமும் சேர்ந்துகொண்டது.

அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. அமோலெட்டில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வது. கறுப்பான இடத்தில் புள்ளிகள் அணைந்தே கிடக்கும். எனவே ஒரு சின்ன வட்டத்தை மட்டும் நீலமாக்கி மின்ன வைக்கலாம். ஏஓடிநோட்டிஃபை போன்ற ஆப்கள் இதைத்தான் செய்கின்றன, கேமரா துளையைச் சுற்றி வளையமாகக்கூட. மேலே சொன்ன அனுமதி எச்சரிக்கை இவற்றுக்கும் பொருந்தும். எல்.சி.டி. திரையில் இது சரிவராது. ஒரு புள்ளிக்காகப் பின்விளக்கு முழுவதும் எரிய வேண்டும். உங்கள் போன் எந்த வகை என்று தெரியாவிட்டால் இருட்டில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறங்கள். சாம்பல் பளபளப்பு தெரிந்தால் எல்.சி.டி., எதுவுமே தெரியாவிட்டால் அமோலெட்.

சாம்சங் போனில் எட்ஜ் லைட்டிங் உண்டு. செய்தி வரும்போது திரையின் விளிம்பு வண்ணத்தில் ஒளிரும். அழகாக இருக்கும், ஆனால் சில நொடியில் மறைந்துவிடும். அந்த நேரத்தில் அறையில் இல்லாதவருக்கு அதனால் பயனில்லை. ‘நீ இல்லாதபோது யாரோ வந்தார்கள்’ என்று காத்திருந்து சொல்வதல்லவா பழைய விளக்கின் வேலை! 2022இல் வந்த நத்திங் போன் 1 முதுகில் ஒளிக்கோடுகளைக் கொண்டுவந்தது. அவை வெள்ளை மட்டுமே, நிறத்துக்குப் பதில் ஒளிரும் வடிவத்தால் ஆளை அடையாளம் காட்டும். போனைக் கவிழ்த்து வைக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு நல்ல ஏற்பாடு.

காது கேளாதவர்களுக்குக் கேமரா ஃபிளாஷ் முறை இருக்கிறது. ஐபோனில் நோட்டிஃபிகேஷனுக்கென்று தனி எல்.இ.டி. எப்போதும் இருந்ததில்லை. ஆனால் 2011இல் ஐஓஎஸ் 5 முதலே அக்ஸசிபிலிட்டி பகுதியில் அழைப்புக்கு ஃபிளாஷ் மின்ன வைக்கும் வசதி உண்டு. ஆண்ட்ராய்டில் 2023இல் வந்த 14ஆம் பதிப்பிலிருந்து ‘ஃபிளாஷ் நோட்டிஃபிகேஷன்’ பொதுவாகக் கிடைக்கிறது. கேமரா ஃபிளாஷ் ஒரு தேர்வு, திரை முழுவதும் நீங்கள் தேர்ந்த நிறத்தில் ஒருகணம் பளிச்சிடுவது இன்னொரு தேர்வு. வீட்டில் யாருக்காவது ஒளி மின்னலால் வலிப்பு வரும் தொல்லை இருந்தால் இந்த இரண்டையும் இயக்க வேண்டாம்.

ஆப் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளக்கு மறைந்துவிட்டது என்று உங்கள் ஆப்பிலிருந்து நிறத் தேர்வை எடுத்துவிடாதீர்கள். சேனல் திறக்கும்போது விளக்கை இயக்கி ஒரு நிறம் கொடுக்க இரண்டே வரிகள் போதும். விளக்கு இல்லாத போன் அந்த வரிகளைப் பொருட்படுத்தாது, எந்தக் கெடுதலும் இல்லை. பயனர் நிறம் மாற்றினால் புதுச் சேனல் திறந்து பழையதை நீக்குங்கள்.

அம்மாவின் பழைய போனில் இப்போது சிம் கிடையாது. வைஃபையில் வாட்ஸ்அப் மட்டும் ஓடுகிறது. அடுப்படி ஜன்னல் மேடையில், எண்ணெய் தெறிக்காத பக்கமாகச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். இந்தப் பத்தியை எழுதும் முன் ஒரு செய்தி அனுப்பினேன். நாலாவது நிமிடம் பதில் வந்துவிட்டது: ‘நீலம் பாத்துட்டேன். கொழம்ப எறக்கிட்டு வர்றேன்.’